லினக்ஸ் மடிக்கணினி தொடங்குவதில் 90 விநாடி தாமதம்

கேள்வி: வட்டில் இடம் போதாததால் ஸ்வாப் பகிர்வை (நினைவகம் போதாதபோது கணினி பயன்படுத்தும் வட்டுப் பகுதி) நீக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் 30 விநாடி கறுப்புத் திரையில் காத்திருந்த பின்னரே கடவுச்சொல் கேட்கும் திரை வருகிறது. வட்டு பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1: வட்டைக் குறித்து அஞ்ச வேண்டாம். ஒரு சாதனம் கிடைக்காதபோது சிஸ்டம்டி (லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி வைக்கும் நிரல்) இயல்பாகக் காத்திருக்கும் நேரமே 90 விநாடி. நீக்கிய பகிர்வின் அடையாள எண் எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது இணைக்க வேண்டிய பகிர்வுகளின் பட்டியல்) இன்னும் இருப்பதால் கணினி அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. அக்கோப்பை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டு (இதை மட்டும் தவிர்க்காதீர்கள்), ஸ்வாப் வரியின் தொடக்கத்தில் # குறியை இடுங்கள்; அவ்வரியைக் கணினி பொருட்படுத்தாது.

மறுமொழி 2: ஆழ்உறக்கத்திலிருந்து (நினைவகத்தை ஸ்வாப்பில் சேமித்துவிட்டுக் கணினி அணைவது) மீள்வதற்கான ரெஸ்யூம் அமைப்பிலும் அதே எண் இருக்கக்கூடும். அதையும் நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பியுங்கள்.

கேட்டவர்: இரண்டையும் செய்தேன், காத்திருப்பு நீங்கியது. கடவுச்சொல் இட்ட பின் மட்டும் சற்றுத் தாமதமாகிறது.

மறுமொழி 1: அதற்குத் தானாகத் தொடங்கும் செயலிகளின் பட்டியலைப் பாருங்கள்.