"நன்மைக்கு ஏதுவாக" என்று சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் உறுத்துகிறது

பாளையங்கோட்டைக்காரன்:

நாலு வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சி. பதினோரு வயதுப் பையன், டெங்கு, ஐந்தே நாள். அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஜெபத்துக்குப் போனோம். ஐயர் (சபைப் போதகர்) ஊரில் இல்லாததால் என்னை நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நமக்குக் கைவசம் இருப்பது ரோமர் 8:28 தானே. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது, கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் எடுத்திருக்கிறார் என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்பு வேறு.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து பையனுடைய ஸ்கூல் ஷூவுக்கு பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுவது வழக்கமாம், கை அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நிமிராமலே கேட்டாள்: "அண்ணே, அந்த நன்மை வரும்போது அவனுக்கு என்ன வயசு இருக்கும்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதுதான் தாங்கவில்லை. யாரோ காப்பி கொண்டுவந்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

இன்றைக்கும் அவள் குழுவில் பாடுகிறாள், விசுவாசத்தை விடவில்லை, என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். நான்தான் பக்கத்து வாசல் வழியாக வெளியே போகிறேன். பாடுகளுக்கு அர்த்தம் உண்டு என்று இப்போதும் நம்புகிறேன், ஆனால் அதை யார் யாருக்குச் சொல்லலாம் என்பதில்தான் குழப்பம். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தூத்தூர் கரை:

ஒக்கி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு சொல் போதும். மற்றவர்களுக்காக, 2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் அடித்த புயல். நவம்பர் 30 அந்திரேயா திருநாள், அவரும் வலை வீசினவர்தான். அன்றைக்குத்தான் கரையில் இருந்த நாங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சித்தப்பா ஆழ்கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் இல்லை. பிறகு போட்டோவையும் ஒரு சட்டையையும் வைத்துப் பூசை வைத்தோம்.

எனக்கு மறக்காதது அந்தப் பூசை இல்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அது. சித்தி கையில் ஜெபமாலையோடு ஜல்லியில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பெரிய மனுஷர் குனிந்து, எல்லாம் ஆண்டவர் சித்தம் அம்மா, எழுந்திருங்க என்றார். சித்தி ஜெபமாலையை நிறுத்தாமல், ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் சொன்னார்: "ஆண்டவருக்க சித்தம்ணா நான் அவருட்ட பேசிக்கிடுவேன். தேடப் போகாதது யாருக்க சித்தம்?"

அந்தாள் போய்விட்டார். அதனால் பாளையங்கோட்டை அண்ணன் கோபிக்காமல் கேளுங்கள், "கர்த்தர் எடுத்தார்" என்று அவசரப்பட்டுச் சொல்லும்போது பல பேருடைய தப்பு அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். டெங்குக்கும் கொசுவுக்கும் சாக்கடைக்கும் சம்பந்தம் இல்லையா? சித்திக்கு நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை, ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்தார், அவ்வளவுதான்.

ஸ்தோத்திரம்72:

முதலில் எழுதிய சகோதரர் மேல் தப்பில்லை, வசனம் வசனம்தான். தூத்தூர் சகோதரரின் வேதனை புரிகிறது, ஆனால் அரசியலை இதற்குள் கொண்டுவர வேண்டாம். என் சாட்சி சின்னது. 2016-ல் டிஸ்க் விலகி நாலு மாதம் படுக்கை. ஒருநாள் பாஸ்டர் வந்து, "படுக்கையைக் கொடுத்தவர் அதில் ஒரு வேலையும் வைத்திருப்பார் பிரதர்" என்றார். அன்றிலிருந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே சபையில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஜெபித்தேன். இப்போது நடக்கிறேன், ஸ்தோத்திரம்.

சில ஆலோசனைகள். பிள்ளைகள் முதற்கொண்டு எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தை முதல் அதிகாரத்தோடு மூடிவிடாமல் 42 வரை வாசியுங்கள், முடிவில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது. டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பாருங்கள், 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறையும் படுக்கையும்தான், அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலில்லை, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். இவர்கள் எல்லாம் "ஏன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்களா? அந்தச் சகோதரி காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கட்டும், ஒரு நோட்டுப் போட்டு தினமும் மூன்று நன்மைகளை எழுதட்டும், பையனுடைய பொருள்களைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் உறுத்தலால் தூக்கம் வராது, மெத்தையை மாற்றுங்கள், தென்னை நார் மெத்தை முதுகுக்கு நல்லது, ஃபோம் வேண்டவே வேண்டாம். ராத்திரியில் சோறும் வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரன்:

ஐயா, மெத்தை யோசனைக்கு நன்றி, முதுகு நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்னதற்காக 42-ஐ நேற்று வாசித்தேன். ஆடு, ஒட்டகம் எல்லாம் இரட்டிப்பு, சரி. பிள்ளைகள் மட்டும் முன்பு இருந்த அதே பத்துப் பேர். எழுதினவருக்கும் தெரிந்திருக்கிறது போல, பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று. அப்புறம் அதே அதிகாரத்தில் கர்த்தர் யாரைக் கண்டிக்கிறார் பார்த்தீர்களா? ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களை. ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். நான் மறுநாளே திறந்துவிட்டேன்.

ஷூ இப்போதும் அந்த வீட்டில் வெளியில்தான் இருக்கிறது. அதை எடுத்து வைக்கச் சொல்ல என்னால் ஆகாது.

ரிட்டயர்டு பிசியோ:

மேரி வர்கீஸ் பெயரைப் பார்த்ததால் வந்தேன். அவருடைய வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைத்தது என்றால் அது அவர் தேடி எடுத்தது. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம், அந்த வழி இருந்தது, பிடித்துக்கொண்டார். அடுத்தவர் பட்ட பாட்டை எடுத்து இன்னொருவர் தலையில் அளவு பார்க்காதீர்கள் 72.

என் அனுபவம் தொழுநோய் வார்டில். வேலைக்குச் சேர்ந்த புதிது. வராந்தாவில் ஒரு தாத்தா அலுமினியச் சட்டியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். திடீரென்று மூக்கை உறிஞ்சி, "பாப்பா, ஏதோ தீயுதே, பாரு" என்றார். நானும் சுற்றிப் பார்த்தேன். சட்டியைப் பிடித்திருந்த அவர் விரல்தான் தீய்ந்துகொண்டிருந்தது. கையைத் தட்டிவிட்டேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுருக்குனு ஒரு வலி வந்தா போதும் பாப்பா, அன்னிக்கே மொட்டை போட்டுக்குறேன்" என்றார்.

இதை ஒரு கூட்டத்தில் சொல்லப்போய், பிரசங்கியார் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா, வலி கர்த்தர் கொடுத்த வரம்" என்று ஊர் ஊராகச் சொல்கிறார். உடம்பு வலி எச்சரிக்கை மணி, அது இல்லாவிட்டால் விரல் போய்விடும், அது வரைக்கும் வாஸ்தவம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்த விரலைக் காப்பாற்ற அந்த மணி? நான் இருபத்தாறு வருடம் அந்த வேலையில் இருந்ததற்குத் தாத்தாவின் விரலும் ஒரு காரணம், என் விசுவாசமும் அங்கேதான் உறைத்தது. ஆனால் அதற்காகத்தான் அவருக்கு அந்த வியாதி வந்தது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

பதினாலாம் பெட்:

நான் கிறிஸ்தவன் இல்லை, எழுதலாமா தெரியவில்லை. அம்மாவுக்குக் கேன்சர், மதுரையில் ஒரு வார்டில் ஏழு வாரம். அம்மா 14, பக்கத்து 15-ல் ஒரு பாட்டி, அல்லேலூயா கோஷ்டி. எனக்கு முதலில் எரிச்சல்தான். ராத்திரி லைட் அணைத்ததும் ஜெபம் ஆரம்பித்துவிடும். யார் பேரும் தெரியாது, பெட் நம்பரை வைத்துத்தான். "ஆண்டவரே, 11-க்கு மூத்திரம் பிரியணும். 12-க்கு அந்த மகன் வந்து எட்டிப் பாக்கணும். 14-க்கு வாந்தி நிக்கணும். 16-க்கு..." இப்படி.

ஒருநாள் கேட்டேன், ஏன் பாட்டி, உங்க நம்பரை மட்டும் விட்டுடுறீங்க?

"அதுக்குத்தான பக்கத்து பெட்டுன்னு ஒண்ணு இருக்கு தம்பி. வீட்ல இருந்தவரைக்கும் எனக்கு மட்டுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இங்க வந்துதான் இத்தன பேரு வேல கெடச்சிருக்கு." நோய்க்கு அர்த்தம், நோக்கம் என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை, இதைத்தான் சொன்னார்.

ஆறாவது வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து வைத்து அவருக்குத் தொண்டை வெந்துவிட்டது, சத்தம் வரவில்லை. அன்று ராத்திரி லைட் அணைத்த பிறகு வார்டே எதையோ எதிர்பார்த்துக்கொண்டு கிடந்தது மாதிரி இருந்தது. எங்கள் அம்மா மாதா மாதம் கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் போகிறவர். இருட்டில் மெதுவாக, "முருகா, 15-க்குத் தூக்கம் வரட்டும்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, "டேய், 16-க்கு என்னடா செய்யுது?" என்று கேட்டார்.