40 கி.மீ. தீக்கோடு, 40 ஹெக்டேர் கணக்கு: நடுவுல கெடக்க ரோட்டையும் சேர்க்கலாமா?

சேர்வலாறு:
நேத்து ஒரு குழுவுல சுத்துன செய்தி: "மலையடிவாரத்தில் 40 கி.மீ. தீக்கோடு பணி நிறைவு. 40 ஹெக்டேரில் எரிபொருள் குறைப்பு." தீக்கோடுன்னா காட்டுத்தீ தாண்டாம இருக்கச் செதுக்கி விடுத வெட்டவெளிப் பட்டை; எரிபொருள்னா காட்டுல எரியக்கூடிய புல்லு, சருகு, சுள்ளி. யாரு எழுதுனதோ, கணக்கு தப்பு. 10 மீட்டர் அகலத்துல 1 கி.மீ. செதுக்குனா 1 ஹெக்டேர், அது வரைக்கும் சரி. ஆனா இந்தக் கோடு பூராவும் ஜீப் ரோட்டை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் செதுக்குனது. ரோடு 3 மீட்டர். 40 கி.மீ.க்கு 12 ஹெக்டேர் வெறும் ரோடு. செதுக்குனது 28 ஹெக்டேர்தான். ரோட்டுல என்னத்த எரிபொருள் குறைச்சாங்க?

களக்காட்டுக் காத்து:
அண்ணாச்சி, தீயை மறிக்க வேண்டியது 10 மீட்டர் வெட்டவெளி. ரோட்டைக் கழிச்சுட்டா ரெண்டு பக்கமும் மூணரை மூணரை மீட்டர் துண்டுதான் மிஞ்சும். ஆளுயரச் சுக்குநாறிப்புல்லு காத்துல எரிஞ்சா, சுவாலை சாஞ்சே அதைத் தாண்டிரும். ரோடும் சேர்ந்தாத்தான் கோடு. இன்னொண்ணு, காட்டு ஜீப் ரோடு தார் ரோடு இல்ல. ரெண்டு சக்கரத் தடத்துக்கு நடுவுல திண்டு கட்டிப் புல்லு நிக்கும். அதையும் மம்பட்டி போட்டுத்தான் எடுக்காங்க. ரோட்டுல புல்லு இருக்கு.

சேர்வலாறு:
நடுத்திண்டு எவ்வளவு அகலம் வே? 1 மீட்டர். 40 கி.மீ.க்கு 4 ஹெக்டேர். 28-ஓட 4 சேர்த்து 32-னு எழுதும், கேக்க மாட்டேன். மீதி 8 எங்க? சக்கரம் ஓடுத தடத்துல புல்லு முளைக்குமா?

எரிபொருள்னா எடை. 1 மீட்டருக்கு 1 மீட்டர் மரச்சட்டத்தைத் தரையில போடணும். உள்ள இருக்க புல்லு, சருகு, சுள்ளி எல்லாத்தையும் அரிஞ்சு அள்ளி, காய வச்சு நிறுக்கணும். 500 கிராம் இருந்தா ஹெக்டேருக்கு 5 டன். வெட்டுததுக்கு முன்ன ஒரு தடவை, வெட்டி எரிச்ச பிறகு ஒரு தடவை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் குறைப்பு. சுள்ளியையும் தடிமன் பார்த்துப் பிரிக்கணும். 6 மி.மீ.க்குக் கீழ உள்ளது காத்துல இருக்க ஈரத்துக்குத் தக்க ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். 6 முதல் 25 மி.மீ. வரை பத்து மணி நேரக் கணக்கு, 25 முதல் 75 வரை நூறு மணி நேரக் கணக்கு. தீயை ஓட வைக்கது அந்த முதல் ரகம். அதே சட்டத்தைச் சக்கரத் தடத்துல போட்டு நிறுத்துப் பாரும். முன்னயும் சுழி, பின்னயும் சுழி.

ஏட்டுக்கணக்கு:
இரண்டு பேரும் வெவ்வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். தீக்கோடு நீளத்தால் அளக்கிற வேலை. எரிபொருள் குறைப்பு பரப்பால் அளக்கிற வேலை. உண்ணிச்செடி (லாண்டானா என்ற களைப்புதர்) எடுப்பது, சருகைத் திட்டமிட்டு எரிப்பது எல்லாம் இரண்டாவதில் வரும். எதை எதில் சேர்ப்பது என்று முதலில் முடிவுசெய்துவிட்டுப் பேசினால் என்ன?

களக்காட்டுக் காத்து:
அதை அப்புறம் பார்ப்போம். ரோட்டுல புல்லு இருக்குன்னு அண்ணாச்சியே ஒத்துக்கிட்டாரு. நாலு ஹெக்டேர் ஏறிட்டு. எல்லாரும் பார்த்துக்கிடுங்க.

சேர்வலாறு:
ஒத்துக்கிடல. திண்டு வேற, ரோடு வேற. 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு அளவுப் புத்தகம் எதுக்கு?

மணிமுத்தாறு மேக்கே:
ரெண்டு பேரும் சருகை விட்டுட்டிய. மாசி பங்குனியில தேக்கும் வேங்கையும் கொட்டுத இலை காத்துல உருண்டு எங்க போய்ச் சேரும்? பள்ளத்துல. காட்டுல பள்ளம் எது? சக்கரத் தடம். பங்குனிக் கடைசியில சேர்வலாறு அண்ணாச்சி சொன்ன சட்டத்தை அங்க போட்டா சுழி வராது.

தையில வெட்டுன கோட்டை அப்படியே விட்டா அது கோடே இல்ல. வெட்டுன புல்லு ஏழெட்டு நாள்ல காஞ்சிரும். உடனே கோட்டுக்குள்ளயே கூட்டி எரிக்கணும். விடிகாலை பனி ஈரம் இருக்கும்போது, காத்துக்கு எதிர்முகமா வச்சு, ரெண்டு ஓரத்துலயும் பச்சைக் குழையோட ஆளு நிக்கணும், முதுகுத் தெளிப்பான்ல தண்ணி இருக்கணும். எரிக்காமப் போட்டுட்டுப் போனா, காட்டுக்கும் ஊருக்கும் நடுவுல 10 மீட்டர் அகலத்துக்குக் காஞ்ச வைக்கோல் பாய் விரிச்ச மாதிரிதான். எரிச்ச பிறகும் பட்ட கட்டைக்குள்ள கங்கு நாள்கணக்குல கெடக்கும். வேரைச் சுத்தித் தோண்டி மண்ணு தள்ளி, கைப்புறத்தை வச்சுச் சூடு பார்க்கணும். மாசிக் கடைசியில ஒரு தடவை, பங்குனியில ஒரு தடவை மறுபடி கூட்டணும். இதை எந்த அறிக்கையில எழுதுதாங்க?

களக்காட்டுக் காத்து:
அப்படிப் போடுங்க! ரோட்டுல சருகு. 12 ஹெக்டேரும் ஏறிட்டு.

சேர்வலாறு:
ஏறல. வெட்டுன நாள்ல அந்தச் சருகு அங்க கெடயாது, பிறகு விழுந்தது. கூட்டுதது பராமரிப்பு. அதைப் புது ஹெக்டேரா எழுதுனா ஒரே நிலம் மூணு தடவை ஏறும். அமெரிக்க வனத்துறை மேல சொல்லுத குத்தமும் இதான். 2022 சனவரியில 10 வருசத் திட்டம் வெளியிட்டாங்க: தங்க காட்டுல கூடுதலா 2 கோடி ஏக்கர் வரை, மத்தவங்க நிலத்துல 3 கோடி ஏக்கர் வரை. ஆனா மரம் கழிச்சா ஒரு ஏக்கர், அதைக் குமிச்சா ஒரு ஏக்கர், குமியலை எரிச்சா ஒரு ஏக்கர்னு வேலைக் கணக்கு ஏறும். தரையில இருக்கது ஒரே ஏக்கர். வேலை நடந்த பரப்பு வேற, வேலைகளோட கூட்டல் வேற. ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேணும். இங்கயும் ஒரு கட்டத்துல கி.மீ., ஒரு கட்டத்துல செதுக்குன பரப்பு, ஒரு கட்டத்துல எத்தனை தடவை கூட்டுனதுன்னு போட்டா இந்தச் சண்டையே வராது. ரோடு எந்தக் கட்டத்துலயும் வராது.

களக்காட்டுக் காத்து:
இங்க பேச வழியில்லன்னதும் அமெரிக்கா போயாச்சு. போன வருசம் உண்ணிச்செடி பத்துன விவாதத் திரியிலயும் இதே வேலைதான் பார்த்தீரு.

சேர்வலாறு:
அந்தத் திரியில நான் சொன்னது இன்னைக்கும் நிக்குது. உண்ணியை மேலாக்க வெட்டுனா ஒண்ணு பத்தாத் துளுக்கும். மண்ணுக்கு 3 அங்குலம் கீழ வேர்க்கழுத்துல வெட்டித் தலைகீழாக் கவுத்தணும். நீரு அருவாளால தரையோட சீவுனாப் போதும்னீரு. அதையும் ஹெக்டேர்லதான் எழுதுனாங்க.

மணிமுத்தாறு மேக்கே:
அமெரிக்கக் கதையை முழுசாச் சொல்லுங்க. அதே 2022-ல நியூ மெக்சிகோவுல வனத்துறை திட்டம் போட்டு வச்ச தீ ஏப்ரல்ல கைமீறிட்டு. பக்கத்துல சனவரியில எரிச்ச குமியலுக்குள்ள கெடந்த கங்கு, பனி பெய்ஞ்சும் அவியாம, அதே ஏப்ரல்ல கெளம்பிட்டு. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து சுமார் 3,41,000 ஏக்கர் போச்சு. நான் சொன்ன கைச்சூடு அதுக்குத்தான். இங்க ரோட்டை அளந்துக்கிட்டு இருக்கிய.

அம்பை வடக்கு ரதவீதி:
தை, மாசி, பங்குனின்னே பேசுதிய. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்க ரெண்டாவதாப் புல்லு காயுத பருவம் ஒண்ணு இருக்கே. ஐப்பசி கார்த்திகை மழையில வளர்ந்த புல்லு பங்குனியில காயும், கோடை மழை பெய்ஞ்சா கொஞ்சம் தலையெடுக்கும், ஆனி ஆடிக் காத்துல மறுபடி சுக்காக் காயும். குத்தாலத்துல சாரல் அடிக்கும்போது களக்காட்டு அடிவாரத்துல புழுதி பறக்கும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வார சனம் காட்டுக்குள்ள அடுப்புக் கூட்டிப் பொங்குத நேரமும் அதான். தையில வெட்டுன கோடு அதுக்குள்ள தூந்து போயிருக்கும். வைகாசிக் கடைசியில இன்னொரு வெட்டு திட்டத்துல இல்லன்னா 28-ம் வீண், 40-ம் வீண்.

களக்காட்டுக் காத்து:
களக்காட்டுப் பேரை ஏன் இழுக்கிய? உங்க அம்பைப் பக்கம் தீயே பிடிக்காதோ?

அம்பை வடக்கு ரதவீதி:
முண்டந்துறை 1962-லயே சரணாலயம் ஆன காடு. களக்காடு 1976-ல. 1988-ல ரெண்டையும் சேர்த்துத்தான் புலிகள் காப்பகம் வந்துச்சு. தீக்கோடு போட எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

களக்காட்டுக் காத்து:
வருசத்தை வச்சு தீ அணையாது. சரிவுல கோடு போடுதது யாரு? சரிவு 10 பாகை கூடுனா மேல்நோக்கி ஓடுத தீயோட வேகம் ரெண்டு மடங்கு ஆகும். நடுச்சரிவுல போட்ட கோட்டுக்கு மேல தீப்பிடிச்சா, எரிஞ்ச கட்டை உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழ விழும். கோடு முகட்டுல போகணும், இல்லன்னா அடிவாரத்துல போகணும். எங்க பக்கம் அப்படித்தான் போகுது. அடிவாரத்துல ரோடு இருக்கதால ரோட்டோட போகுது.

சேர்வலாறு:
வந்துட்டீரா ரோட்டுக்கு. போகட்டும், நல்லது. ரோடு ஏற்கெனவே மறிச்சு நிக்குத இடம், அதை ஒட்டி வெட்டுனா கூலி மிச்சம், வண்டி உள்ள வரும். அதுக்காக ரோட்டையே வெட்டுனதா எழுதலாமா?

ஏட்டுக்கணக்கு:
திரும்பவும் கேட்கிறேன். கூலி கி.மீ.க்குத்தானே? அப்படியானால் ஹெக்டேர் எதற்காக எழுதப்படுகிறது?

அம்பை வடக்கு ரதவீதி:
செயற்கைக்கோள் பக்கத்தையும் பாருங்க. டேராடூன்ல உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்துல இருந்து வார தீ எச்சரிக்கைக்கு, மாடிஸ்ங்குத செயற்கைக்கோள் கருவியில ஒரு புள்ளின்னா 1 கி.மீ. கட்டம், விர்ஸ்ங்குத கருவியில 375 மீட்டர் கட்டம், அதாவது சுமார் 14 ஹெக்டேர். கோட்டுக்குள்ள கூட்டி எரிக்கதும் காட்டுத்தீ மாதிரியே புள்ளியாத் தெரியலாம். எரிக்குத நாளையும் ஜி.பி.எஸ். தடத்தையும் முன்கூட்டியே பதிஞ்சு வைக்கலன்னா, தடுப்பு வேலையே தீ விபத்தாக் கணக்குல ஏறும். ஒரு புள்ளிக்கு 14 ஹெக்டேர் எரிஞ்சதுன்னு எழுதுத ஆளும் இருக்காங்க. உள்ள எரிஞ்சது கால் ஹெக்டேரா இருக்கும்.

சேர்வலாறு:
அதேதான் நானும் சொல்லுதேன். கட்டம் 14, எரிஞ்சது கால். கோடு 40, செதுக்குனது 28. தெரியுத அளவை வேலையா எழுதக்கூடாது.

களக்காட்டுக் காத்து:
28 இல்ல, 32. நீரே சொன்னது. சருகைச் சேர்த்தா 40.

சேர்வலாறு:
ஒவ்வொரு 200 மீட்டருக்கும் டேப்பைக் குறுக்கப் போட்டு மூணு எண் எழுதணும்: இடப்பக்கம் செதுக்குனது, ரோடு, வலப்பக்கம் செதுக்குனது. 40 கி.மீ.க்கு 200 இடம். ரெண்டு ஆளு நாலஞ்சு நாள்ல முடிச்சிரலாம். நடுத்திண்டைத் தனியா எழுதட்டும். சருகை வெட்டுன நாள்லயே நிறுத்து எழுதட்டும், பங்குனியில வேண்டாம். அப்பம் தெரியும் 8 ஹெக்டேர் எங்க இருக்குன்னு.

களக்காட்டுக் காத்து:
பங்குனியில ஏன் வேண்டாம்? தீ தையிலயா வருது? ரோட்டுல புல்லும் இருக்கு, சருகும் இருக்கு.

சேர்வலாறு:
சக்கரத் தடத்துல புல்லு இல்ல.

மணிமுத்தாறு மேக்கே:
கட்டைக்குள்ள கங்கு கெடக்கா இல்லையான்னு பார்த்த நாளை எந்தக் கட்டத்துல எழுதணும்னு யாராவது சொல்லுங்க. அதை மூணாவது தடவையாக் கேக்கேன்.

களக்காட்டுக் காத்து:
அதைச் சேர்வலாறு அண்ணாச்சிகிட்ட கேளுங்க. கட்டம் போடுததெல்லாம் அவருதான். முதல்ல 12 ஹெக்டேருக்குப் பதில் சொல்லட்டும்.