விதி தெரிந்தும் வாக்கியம் ஏன் இடறுகிறது? ஆங்கில இலக்கணத்தை எடுத்துக்காட்டுகளின் வழியே கற்பது குறித்து

கேள்வி (அலுவலகப் பயிற்சியாளர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களைப் பார்த்துத் திருத்தித் தருவது என் பொறுப்பு. பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள்; டென்ஸ் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், பாசிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொன்னால் நொடியில் மாற்றுவார்கள். ஆனால் சொந்தமாக எழுதும்போது 'ஐ சஜெஸ்டட் ஹிம் டு சேஞ்ச் த டேட்' என்றும், 'ஐ ஹேட் சென்ட் த பில் எஸ்டர்டே' என்றும் எழுதுகிறார்கள். இலக்கண நூலில் உள்ள விதியைக் காட்டினால் தலையாட்டுகிறார்கள். மறுவாரம் அதே வாக்கியம் திரும்ப வருகிறது. விதியிலிருந்து தொடங்காமல், ஆங்கிலம் பேசுவோர் அன்றாடம் எழுதும் வாக்கியங்களைப் பார்த்தே அமைப்புகளைப் பிடித்துக்கொள்ள ஒழுங்கான வழி ஏதும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மொழிபெயர்ப்பாளர்):

ஒழுங்கான வழி நிச்சயமாக உண்டு. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1980இல் தொடங்கிய கோபில்ட் திட்டம், நாளிதழ், நூல், உரையாடல் எனப் பலவகை ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சூழலில் வருகிறது என்று வரிவரியாகப் பார்த்தே 1987இல் ஓர் அகராதியை வெளியிட்டது. அப்படித் திரட்டிய தொகுப்பைத்தான் கார்ப்பஸ் என்கிறார்கள். வினைச்சொல்லை அதன் பொருளோடு மட்டுமன்றி, அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பது அந்த வேலையிலிருந்து பிறந்த முக்கியமான முடிவு.

உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'டெல்', 'ஆஸ்க்', 'அட்வைஸ்' ஆகிய மூன்றும் ஆளையும் 'டு'வையும் ஏற்கும்; 'ஐ அட்வைஸ்ட் ஹிம் டு சேஞ்ச் த டேட்' என்பது சரியான வாக்கியம். பொருள் ஏறத்தாழ ஒன்றுதானே என்று 'சஜெஸ்ட்'டையும் அதே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகா என்னும் கார்ப்பஸில் 'சஜெஸ்டட்' என்று தேடி, அந்தச் சொல் நடுவில் நிற்க இருபுறமும் வாக்கியத் துண்டுகள் தெரியும்படி வைத்து, வலப்புறச் சொல்லின் அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 'சஜெஸ்டட் தட்' என்று ஒரு பெருந்திரளும், 'சஜெஸ்டட் கோயிங்', 'சஜெஸ்டட் யூசிங்' என்று இன்னொரு திரளும் கண்ணுக்கு நேரே தெரியும். 'சஜெஸ்டட் ஹிம் டு' என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐம்பது வரிகளைப் படித்த ஒருவருக்கு விதியைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. கோகாவைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். நாளொன்றுக்கு இத்தனை தேடல்கள் என்ற வரம்பு மட்டும் உண்டு.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. ஒரே அமைப்பை ஏற்கும் வினைகள் பெரும்பாலும் பொருளிலும் உறவினர்களாக இருக்கின்றன. 'டாக்ட் ஹிம் இன்டு சைனிங்', 'ட்ரிக்ட் ஹிம் இன்டு சைனிங்', 'ஃபோர்ஸ்ட் ஹிம் இன்டு சைனிங்' ஆகியவற்றைப் பாருங்கள்: பேசியோ, ஏமாற்றியோ, வற்புறுத்தியோ ஒருவரை ஒரு செயலுக்குள் தள்ளுவதே இந்த அமைப்பின் வேலை. இதை உணர்ந்தவர், இதுவரை கண்டிராத ஒரு வினை இந்த இடத்தில் வந்தாலும் அதன் பொருளை ஓரளவு ஊகித்துவிடுவார். அட்டவணையால் இதைக் கற்றுத்தரவே முடியாது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):

மேலே நண்பர் எழுதியதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆயினும் உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு எடுத்துக்காட்டுகள் மட்டும் போதா. தமிழிலிருந்து அந்தப் பழக்கம் எப்படி வருகிறது என்பதையும் மாணவர் அறிய வேண்டும். 'நேற்றே அனுப்பியிருந்தேனே' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம்; அதற்குத் துணையாக இன்னொரு கடந்தகால நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் தமிழில் இல்லை. அந்த 'இருந்தேன்' அப்படியே 'ஹேட்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலோ, 'ஐ ஹேட் சென்ட்' என்றவுடன், எந்த நிகழ்ச்சிக்கு முன்னால் என்று படிப்பவர் மனம் தேடத் தொடங்கிவிடும். 'எஸ்டர்டே' மட்டும் போதுமானால் 'ஐ சென்ட் த பில் எஸ்டர்டே' என்பதே முறை. 'ஐ ஹேட் சென்ட் த பில் பிஃபோர் ஹி கால்ட்' என்றால் 'ஹேட்'டுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இதை விளக்க நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கொடுத்து, அதில் 'ஹேட்' வரும் இடங்களை அடிக்கோடிடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் 'எதற்கு முன்பு?' என்ற கேள்வியை ஓரத்தில் எழுதச் செய்வேன். விடை பல நேரங்களில் அதே வாக்கியத்தில் இராது, முந்தைய பத்தியில் இருக்கும். ஆகையால் இத்தகைய அமைப்புகளுக்கு ஒற்றை வரித் துண்டுகள் உதவமாட்டா. முழுப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

மறுமொழி 3 (மொழியியல் மாணவி):

ஒரு கவனக்குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். எடுத்துக்காட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 20 நாடுகளின் இணையப் பக்கங்களைத் திரட்டிய க்ளோபி என்னும் கார்ப்பஸில் இந்தியாவும் இலங்கையும் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. அதில் 'டிஸ்கஸ் எபவுட்' என்று தேடினால் நம் பக்கத்து ஆங்கிலத்தில் அது தாராளமாகவே கிடைக்கும். அதை வெறும் பிழை என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. 'டாக் எபவுட்' போல அமைந்து இங்கே நிலைபெற்றுவரும் வழக்கு அது. ஆனால் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ அனுப்பும் அலுவல் கடிதத்தில் 'டிஸ்கஸ் த இஷ்யூ' என்பதுதான் உறுத்தாது. பேச்சில் கிடைத்த வரியையும் எழுத்தில் கிடைத்த வரியையும் பிரித்துப் பார்ப்பதும் இதே அளவு முக்கியம். 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸிலேயே பேச்சு சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'எதற்கு முன்பு?' என்று ஓரத்தில் எழுதும் முறையை வருகிற பயிற்சியிலேயே செய்துபார்க்கப் போகிறேன். இன்னுமொரு ஐயம். கடித முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுகிறார்கள். 'டு'வுக்குப் பின் வினையின் மூல வடிவம் வரும் என்று பள்ளியில் படித்ததைச் சுட்டிக்காட்டி, 'ஹியரிங்' எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

மறுமொழி 1 (மொழிபெயர்ப்பாளர்):

பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே தேடட்டும். 'லுக் ஃபார்வர்ட் டு' என்று மட்டும் தேடச் செய்யுங்கள். 'டு'வுக்குப் பின்னால் 'யுவர் ரிப்ளை', 'த வீக்கெண்ட்', 'இட்' போன்றவை நிற்பதைக் காண்பார்கள். பெயர்ச்சொல் நிற்கக்கூடிய இடம் அது, அதாவது அந்த 'டு' ஒரு ப்ரெபொசிஷன். அந்த இடத்தில் வினையை வைக்க வேண்டுமானால் பெயர்போல மாற்றி 'ஹியரிங்' என்றுதான் வைக்க முடியும். அடுத்து 'அப்ஜெக்ட் டு', 'பி யூஸ்ட் டு' ஆகியவற்றையும் இதேபோலத் தேடச் சொல்லுங்கள். 'ஐ யூஸ்ட் டு லிவ் ஹியர்' என்பதில் உள்ள 'டு' மட்டும் வேறு வகை. அதன் பின்னால் 'இட்' வைத்துப் பார்த்தால் வாக்கியம் நிற்காது.