ஸோன் பி-யில் வீடு, ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியார்: ஹரிக்கேன் வந்தால் கிளம்புவதா, இருப்பதா?

விரிகுடாவாசி கேட்டது:

வணக்கம். ஃப்ளோரிடாவில் ஓல்ட்ஸ்மாரை ஒட்டி எங்கள் வீடு. ஒரே தளம், 1988-இல் கட்டியது. சுவர் கான்கிரீட் பிளாக், கூரை மரச்சட்டம், மேலே ஷிங்கிள். கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) வெளியேற்ற வரைபடத்தில் ஸோன் பி என்கிறது, ஃபெமாவின் (மத்திய பேரிடர் துறையின்) வெள்ள வரைபடத்தில் எக்ஸ் என்கிறது. வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், பரமக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமாவுக்கு இன்சுலின். அத்தைக்கு முழங்கால் வலி, கீழே உட்கார்ந்து எழ முடியாது. ஒரு டெஸ்லா, ஒரு கேஸ் (பெட்ரோல்) வேன்.

வீட்டில் இப்போதைக்கு இருக்கும் பேச்சு: கேட்டகரி 1, 2 என்றால் இருக்கலாம், 3-க்கு மேல் போனால் அட்லாண்டா. வெஸ்லி சாப்பலில் நண்பர் வீடும் உண்டு. மாமா மட்டும், "இதைவிடப் பெரிய புயலெல்லாம் பாத்தாச்சு, வீட்டைப் பூட்டிட்டு ஓடுறதா?" என்கிறார். சீசன் சூடுபிடிப்பதற்குள் ஒரு முடிவு எடுத்து எழுதி வைத்துவிட நினைக்கிறோம். எதை வைத்து முடிவெடுப்பது?

கடற்கணக்கு:

முதலில் அந்த கேட்டகரிக் கணக்கை விட்டுவிடுங்கள். 1 முதல் 5 வரையிலான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. கடல் எவ்வளவு ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதெல்லாம் அதில் இல்லை. உங்கள் பகுதிக்கு ஆபத்து கடலிலிருந்து. டாம்பா விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 12 அடிதான். ஆழமில்லாத இடத்தில் காற்று தள்ளும் தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை, கரைமேல்தான் ஏறும்.

2024 செப்டம்பர் 26-இல் ஹெலீன் புயல் இங்கே கரையைத் தொடவே இல்லை. அதன் மையம் நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே வடக்கே போய் பெர்ரி பக்கம் கரையேறியது. ஆனாலும் நம் பினெல்லஸ் கவுண்டியின் கடற்கரை ஊர்களில் ஆறேழு அடிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு வாரத்தில், அக்டோபர் 9 அன்று, மில்டன் கேட்டகரி 3 ஆக நமக்குத் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியது. நமக்கு அதுதான் பக்கம், ஆனால் விரிகுடாவில் தண்ணீர் உள்வாங்கியது. காரணம் எளிது. இந்தப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். வடக்கே கடந்தால் கடலை விரிகுடாவுக்குள் தள்ளும். 2022-இல் இயனும் தெற்கேதான் போனது. இருமுறை தப்பியதை வைத்து "டாம்பாவுக்கு எதுவும் வராது" என்று பேசுகிறவர்கள் 1921-ஐப் பார்க்கவேண்டும். அந்த அக்டோபரில் புயல் டார்பன் ஸ்பிரிங்ஸில் கரையேற, டாம்பாவில் பத்தடிக்கு மேல் கடல் ஏறியது.

ஸோன் பி, எக்ஸ் என்று இரண்டு சொல்லியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. எக்ஸ், ஏஇ, விஇ என்ற ஃபெமா குறியீடுகள் எல்லாம் காப்பீட்டுக்கும் கட்டட விதிக்கும். ஏ முதல் இ வரையிலான எழுத்துகள்தான் வெளியேறுவதற்கு, ஏ-வைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். புயலன்று கவுண்டி உங்களைக் கூப்பிடப்போவது இந்த எழுத்தைச் சொல்லித்தான். வரைபடத்தை அவ்வப்போது திருத்துவார்கள், அதனால் ஒவ்வொரு ஜூனிலும் முகவரியைப் போட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து, செய்தியில் புயலின் பாதையைக் காட்டும் அந்தக் கூம்புப் படம். மையம் எங்கே போகலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மூன்றில் ஒரு தடவை மையமே கூம்புக்கு வெளியே போய்விடும். இயன் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை எல்லார் கண்ணும் டாம்பாமேல்தான். தெற்கே இருக்கும் ஃபோர்ட் மையர்ஸ் கூம்பின் ஓரத்தில் இருந்தது. அந்த ஊர் இருக்கும் லீ கவுண்டி வெளியேறச் சொன்னது செப்டம்பர் 27-ஆம் தேதி காலை, புயல் கரையேறியது 28 பிற்பகல். ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி தண்ணீர்.

தேசிய ஹரிக்கேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நான்கு வேளை அறிக்கை தரும். அதில் நீங்கள் பார்க்கவேண்டிய படங்கள் இரண்டு. ஒன்று, புயற்காற்று வந்து சேரும் நேரம். அதில் "மிக முன்னதாக" என்று ஒரு நேரமும், "பெரும்பாலும்" என்று ஒரு நேரமும் இருக்கும். முன்னதாக வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சர்ஜ், அதாவது காற்று தள்ளிக் கரையேறும் கடல்நீரின் உயரப் படம். அதில் வரும் அடி தரைமட்டத்திலிருந்து, கடல்மட்டத்திலிருந்து அல்ல. 6 அடி என்றால் உங்கள் ஊர்த் தரைமேல் ஆறடி வரை ஏறலாம்.

இதை வைத்து எழுதி ஒட்டவேண்டியது இவ்வளவுதான்: புயற்காற்று வருவதற்கு 72 மணி நேரம் முன்பே பெட்டி கட்டுவது. ஹரிக்கேன் வாட்ச் என்னும் முதல் அறிவிப்பு வந்ததும், அதாவது காற்று வர சுமார் 48 மணி நேரம் இருக்கும்போது, கிளம்புவது. 36 மணி நேரம் இருக்கும்போது அடுத்த அறிவிப்பான வார்னிங் வரும், அப்போது நீங்கள் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். காற்று 40 மைலைத் தொட்டால் பாலங்களை மூடுவார்கள், ஆம்புலன்ஸும் வராது.

ஐ-75 பயணி:

அட்லாண்டா வேண்டாங்க. அது 450 மைலுக்கு மேல. சாதாரண நாள்லயே ஏழு மணி நேரம். மாநிலத்துல பாதிப் பேர் ஐ-75 நெடுஞ்சாலைல ஏறுற நாள்ல இரட்டிப்பாகும். இங்க இருக்குறவங்க சொல்ற விதி: நூற்றுக்கணக்கான மைல் வேண்டாம், சில பத்து மைல் போதும். தண்ணிக்குத்தான் ஓடணும், காத்துக்கு ஒளிஞ்சாப் போதும். ஹெலீன் ஜார்ஜியாவுக்கே போய் அடிச்சுது, அதனால வடக்கே போறதுன்னாலே பாதுகாப்புன்னும் சொல்லிட முடியாது.

2005-ல ரீட்டா புயல் வந்தப்போ ஹூஸ்டன்லருந்து இருபது லட்சத்துக்கும் மேல ஒரே நேரத்துல கிளம்பினாங்க. வண்டி நூறு மைலுக்கு நின்னுச்சு, வெயில், கேஸ் தீர்ந்துபோச்சு. டாலஸ் பக்கம் வில்மர்கிட்ட முதியோர் இல்ல பஸ் ஒண்ணு தீப்பிடிச்சு 23 பேர் போனாங்க. டெக்சஸ்ல புயல் கொன்னதைவிட ரோடு கொன்னதுதான் அதிகம். அதுல கிளம்பின பலபேரு கிளம்பவே தேவையில்லாத ஏரியாக்காரங்க.

ஓல்ட்ஸ்மார்லருந்து வெஸ்லி சாப்பல் சுமார் 30 மைல், விரிகுடாப் பாலம் எதையும் தாண்ட வேண்டாம், ஸ்டேட் ரோடு 54-ஐப் பிடிச்சுக் கிழக்கே போயிடலாம். நண்பர்கிட்ட இப்பவே மூணு கேள்வி கேட்டு வைங்க: வீடு எந்த வருஷம் கட்டினது (2002-க்கு அப்புறம்னா புதிய மாநிலக் கட்டட விதிப்படி இருக்கும்), வீட்டுமேல விழுற தூரத்துல பெரிய ஓக் மரம் இருக்கா, தெருவுல மழைத்தண்ணி தேங்குமா. மூணாவது முக்கியம். மில்டன்ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒரே நாள்ல 18 அங்குலம் மழை. எந்த ஸோன்லயும் இல்லாத தெருவெல்லாம் முழுகுச்சு. துணைக்கு லேக்லேண்ட் இல்ல ஆர்லாண்டோ பக்கம் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ஒரு ஹோட்டல் ரூமும் அஞ்சு நாள் முன்னாடியே போட்டு வைங்க.

டெஸ்லாவ ஸோன் பி கராஜ்ல விட்டுட்டு வேன்ல போகாதீங்க. உப்புத்தண்ணி பேட்டரிக்குள்ள போனா, தண்ணி வடிஞ்சு நாள் கழிச்சும் தீப்பிடிக்கும், கூடவே வீடும் போயிடும். ஹெலீன்ல அப்படி நடந்துச்சு. 100 சதவீதம் சார்ஜ் பண்ணி ரெண்டு வண்டியையும் எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா டெஸ்லாவை மேட்டுப் பகுதியில பார்க்கிங் கட்டடத்தோட மேல் மாடியில விடுங்க. வேன்ல ஜூன் 1-லருந்து நவம்பர் 30 வரைக்கும் அரை டேங்குக்குக் கீழ போக விடாதீங்க.

மருந்துப்பெட்டி:

உங்கள் மாமாவுக்கு ஒரே ஒரு விளக்கம் போதும் என்று நினைக்கிறேன். ஊரில் அவர் பார்த்தது கான்கிரீட் தளம் போட்ட வீடு. இங்கே சுவர்தான் பிளாக், கூரை மரம். காற்று கராஜ் கதவை உள்ளே தள்ளிவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் ஏறி, கூரையைக் கீழிருந்து தூக்கும். 1988 வீட்டில் கூரைச்சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை எப்படி இருக்கிறது என்பதை ஆள்வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பரமக்குடிக்காரருக்கு தனுஷ்கோடியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964-இல் அந்த ஊரைக் கொண்டுபோனது கடல். ஸோன் பி என்பதும் கடலைப் பற்றிய அதே கேள்விதான் என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர் பேச்சை மறுப்பதாக இல்லாமல், அவருக்குத் தெரிந்ததிலிருந்தே பேசினால் கேட்பார்.

இனி மருந்து. ஹரிக்கேன் வார்னிங் அல்லது அவசரநிலை அறிவித்துவிட்டால், ஃப்ளோரிடாவில் நாள் ஆகாவிட்டாலும் 30 நாள் மருந்தை முன்கூட்டியே வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது இங்கே பதிவான மருந்துச்சீட்டுக்கு. ஊர் டாக்டர் சீட்டை இங்கே ஃபார்மசியில் ஏற்கமாட்டார்கள். ஆகவே கையிருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே இறங்கும் முன்பே இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலான இன்சுலின், திறந்த பிறகு 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் 28 நாள் வரை தாங்கும். உங்கள் மருந்தின் தாளில் ஒருமுறை சரிபாருங்கள். மின்சாரம் போன ஃப்ளோரிடா வீடு இரண்டாம் நாளே அந்த 86-ஐத் தாண்டிவிடும். எடுத்துப்போகும்போது ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது, இளகிய பிறகும் சரியாகாது. துணியில் சுற்றி, ஐஸ் பேக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு தடுப்பு வையுங்கள். மீட்டர், ஸ்ட்ரிப், ஊசி, சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஜூஸ் ஆகியவை அதே பையில்.

பொது முகாம் கடைசி வழி. பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான், தரையில் படுக்கவேண்டும், பாய் தலையணை நாம்தான் கொண்டுபோகணும். அத்தைக்கு அது முடியாது. வேறு வழியே இல்லை என்றால் கவுண்டியின் சிறப்புத்தேவைப் பட்டியலில் சீசனுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும்.

காகிதங்கள்: ஆறு பேரின் பாஸ்போர்ட், பெரியவர்களின் ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) அச்சுப் பிரதி, திரும்பும் டிக்கெட், உங்கள் ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் தாள்), குழந்தைகளின் பிறப்புச் சான்று, வீட்டுக் காப்பீட்டுத் தாள். எல்லாம் ஜிப் பையில், காரில், உங்கள் காலடியில். டிக்கியில் அல்ல.

விரிகுடாவாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கேட்டகரிக் கணக்கைக் கிழித்தாயிற்று. இரண்டு சந்தேகம். ஸோன் ஏ-வை மட்டும் கூப்பிட்டு, பி-யைக் கூப்பிடாவிட்டால்? அப்புறம், நண்பர் வீட்டிலும் மின்சாரம் போகத்தானே செய்யும், அங்கே எதற்குத் தயாராகப் போகவேண்டும்?

கடற்கணக்கு:

ஏ-வைக் கூப்பிட்டாலே நீங்கள் கிளம்புங்கள். காரணம் இரண்டு. மையம் முப்பது, நாற்பது மைல் வடக்கே நகர்ந்தால் பி-யையும் கூப்பிடுவார்கள், அப்போது உங்களுக்கு மிஞ்சுவது சில மணி நேரம். அதோடு, ஓல்ட்ஸ்மாரில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் வெளியே போகும் சாலை ஏ-வில் இருக்கலாம். வீடு தீவாகிவிட்டால் மாமாவுக்கு ஏதாவது என்றால் வண்டி வராது. பிள்ளை இல்லாத, மருந்து வேண்டாத இருவர் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் இதே கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

வோல்ட்மீட்டர்:

மின்சாரம் ஒரு வாரம் இல்லை என்று வைத்துக்கொண்டு போங்கள். 2024 ஜூலையில் வந்த பெரில் புயல் வெறும் கேட்டகரி 1. ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சம் இணைப்புகளுக்கு மேல் துண்டாகின, பல வீடுகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன். ஆறு பேர், ஏழு நாள், 42 கேலன். 16.9 அவுன்ஸ் பாட்டில் 40 கொண்ட பெட்டி என்றால் எட்டு. நண்பர் குடும்பத்துக்கு இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள். குளியல் தொட்டியை நிரப்பி வைப்பது கழிவறைக்கு மட்டும்.

நம் வீட்டு அடுப்பெல்லாம் கரண்ட் அடுப்பு, அதனால் பியூட்டேன் டப்பா அடுப்பை எடுத்துப்போவீர்கள். அதை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஏற்றாதீர்கள், காற்று நின்றபின் வெளியே வைத்துச் சமையுங்கள். புயல் நேரத்துக்கு அவல், பொரி, கடலை மிட்டாய், ரொட்டி, புளிக்காய்ச்சல் போதும். மாமாவுக்குச் சுண்டல் டப்பா வாங்கி வையுங்கள், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும்.

நண்பரிடம் ஜெனரேட்டர் இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை சன்னலுக்கு எதிர்த்திசையில். கராஜ் கதவைத் திறந்து வைத்து ஓட்டலாம் என்பது ஆளைக் கொல்லும் யோசனை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு (சிஓ) நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். 2020-இல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் குடும்பம் குடும்பமாக இறந்தது இதனால்தான். பேட்டரியில் ஓடும் சிஓ அலாரம் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்க நினைத்தால், தெருக்கம்பியில் வேலை செய்யும் லைன்மேன்மேல் பாயும். இன்டர்லாக் (வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரிக்கும் அமைப்பு) இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜுக்குத் தனியாக எக்ஸ்டென்ஷன் கம்பி போடுங்கள்.

உங்கள் வீட்டைப் பூட்டும்போது: ஒவ்வொரு அறையையும், சாதனங்களின் சீரியல் நம்பர் தெரிய, வீடியோ எடுங்கள். சன்னலுக்கு டேப் ஒட்டுவதால் பயனில்லை, 5/8 அங்குல பிளைவுட் அல்லது ஷட்டர்தான். அதையும் காற்று எழுவதற்கு முன்பே மாட்டுங்கள், 25 மைல் காற்றில் அந்தப் பலகையை ஒருவரால் பிடிக்க முடியாது. நீச்சல் குளம் இருந்தால் காலி செய்யாதீர்கள், நிலத்தடி நீர் தொட்டியை மேலே தூக்கிவிடும். தண்ணீர் வால்வையும் மெயின் பிரேக்கரையும் அணைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது தரை ஈரமாக இருந்தால் பிரேக்கரைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குத் தராது. ஸோன் எக்ஸில் இருந்தாலும் தேசிய வெள்ளக் காப்பீடு வாங்கலாம், ஆனால் எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலாகும். கூம்பு வந்தபின் ஓடினால் கிடைக்காது, இந்த வாரமே கேளுங்கள்.