புதுப்பிப்பு: மாதம் முடியும் முன்பே தீர்ந்துபோகும் டெஸ்ட் ஸ்ட்ரிப்

இன்சுலின் போடும் எனக்கு, ரத்தச் சர்க்கரை பார்க்கக் குளுக்கோமீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் மாதத்துக்கு 50தான் காப்பீட்டில் கிடைக்கிறது, பத்து நாளுக்குக்கூடப் போதவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன். இப்போது அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

சிக்கல் மருந்துச்சீட்டில்தான் இருந்திருக்கிறது. ‘தேவைப்படும்போது’ என்று எழுதியிருந்ததால் குறைந்தபட்ச அளவையே கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் இந்த முறை ‘இன்சுலின் எடுப்பவர், தினம் 6 முறை’ என்று எண்ணோடு எழுதினார். கூடவே குளுக்கோமீட்டர் நினைவகத்தில் இருந்த அளவுகளையும், இரவில் சர்க்கரை 60க்குக் கீழே இறங்கிய நாட்களையும் குறித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் இழுத்தடித்த பிறகு மாதத்துக்கு 180 ஸ்ட்ரிப் என்று வந்தது. ரத்தம் போதாமல் ‘எரர்’ காட்டி வீணாகும் ஸ்ட்ரிப்பை அதில் சேர்க்கவில்லை. அடுத்த முறை 200 கேட்கப்போகிறேன்.

அப்புறம், ஸ்ட்ரிப்பைப் பாதியாக வெட்டலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். நிறம் பார்த்துச் சொல்லும் அந்தக்கால ஸ்ட்ரிப்புக்கு அது ஓடியிருக்கும். இப்போதையதில் மின்முனைகள் இருக்கின்றன, வெட்டினால் போச்சு. பிரித்த டப்பாவை யாரிடமும் வாங்காதீர்கள். ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப் தப்பான அளவு காட்டும், அதை நம்பி ஊசி போட்டால் ஆபத்து.

விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் லான்செட் ஊசிக்குத் தட்டுப்பாடே இல்லை, பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது!