பிரேக்த்ரூ: ‘முறிவுப்புள்ளி’ வேண்டாம், ‘பிடிவிடுநிலை’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

குடிநீரில் கலந்திருக்கும் ஆசனிக் என்ற நஞ்சை நீக்கும் வடிகட்டிக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியல் பார்த்தேன். புறத்துறிஞ்சல் (ஒரு பொருள் தன் மேற்பரப்பில் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது), புறத்துறிஞ்சி (அப்படிப் பிடிக்கும் பொருள்) இரண்டும் அப்படியே நிற்கட்டும். இங்கே இலங்கையில் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அவை பழக்கமானவை. தமிழ்நாட்டு நண்பர்களுக்காகப் பக்கத்தில் ‘பரப்புக் கவர்தல்’ என்றும் போட்டுவிடலாம். வடிகட்டியில் நிரப்பும் லேற்றரைற்றுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கம்பஹாப் பக்கம் வெட்டியெடுத்து மதில் கட்டுகிற கபுக் கல்தான் அது. கொழும்பில் எந்த மேசனிடம் கேட்டாலும் தெரியும்.

எனக்கு உறுத்துவது பிரேக்த்ரூ (breakthrough), அதாவது வடிகட்டியைத் தாண்டி ஆசனிக் வெளியே வரத் தொடங்கும் கட்டம்.

> ‘முறிவுப்புள்ளி’ என்றே போடலாம். சுருக்கமாக இருக்கிறது.

ரீச்சர், இதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே எதுவும் முறிவதில்லை. கபுக் கல்லை உடைத்து, சலித்து, சிவப்புக் கலங்கல் போகும்வரை கழுவி, குழாயில் நிரப்பி மேலிருந்து தண்ணீரை விடுகிறோம். கல்லுக்குச் சிவப்பைக் கொடுக்கிற இரும்பொட்சைட்டுகள் ஆசனேற்றை (தண்ணீரில் கரைந்துள்ள ஆசனிக்கின் ஒரு வடிவம்) தம் மேற்பரப்பில் பிணைத்துக்கொள்கின்றன. முதலில் மேல் அடுக்கு நிரம்பும், அப்புறம் அதற்கு அடுத்தது. இப்படிப் பிடிக்கும் வலயம் மெல்ல மெல்லக் கீழிறங்கி அடியை எட்டும்போது ஆசனிக் வெளியே தலைகாட்டும். குடிநீர் என்றால், வெளிவரும் நீர் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தொடுகிற நேரத்தைப் பிரேக்த்ரூ என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: குளோரீன் இடுவதில் ‘பிரேக்பொயின்ற்’ என்று வேறொரு விடயம் இருக்கிறது. முறிவுப்புள்ளி என்றால் நீர்வழங்கல் படித்தவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

> அப்படியானால் ‘நிரம்பல்’ போதுமே?

போதாது அண்ணா. கீழ் அடுக்கில் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்போதே ஆசனிக் தப்பத் தொடங்கிவிடும். முழுப் படுகையும், அதாவது குழாயில் நிரப்பிய கல் முழுதும், நிரம்புவது அதற்குப் பிறகு. ‘நிரம்பியதும் கல்லை மாற்றுங்கள்’ என்று கையேட்டில் எழுதினால், இடைப்பட்ட காலம் முழுக்க அந்த வீட்டுக்காரர் நஞ்சைக் குடிப்பார். தண்ணீர் கலங்காது, நாறாது, ருசியும் மாறாது. பங்களாதேஷில் குழாய்க்கிணறுகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசினார்களே, பார்த்தால் தெரியாது என்பதால்தான். ஆசனிக் சோதனைப் பெட்டியில் உள்ள பாதரச புரோமைட்டுத் தாள் மஞ்சளாகி, அளவு கூடக்கூடப் பழுப்பாகும். அந்தத் தாளைப் பார்க்காமல் எந்த வடிகட்டியையும் நம்பக்கூடாது.

ஆகவே, கேட்டவுடன் ‘கல் இனிப் பிடிக்காது’ என்று உறைக்கிற சொல்தான் தேவை. என் முன்மொழிவு பிடிவிடுநிலை. ‘தப்புநிலை’ என்றும் யோசித்தேன். ‘தப்பு’ பிழையையும் குறிப்பதால் விட்டுவிட்டேன். ‘கடப்புநிலை’ கெட்டதில்லை, ஆனால் எது எதைக் கடக்கிறது என்று விளக்க இன்னொரு வரி வேண்டும். பிடிவிடுதல் எல்லோர் வாயிலும் உள்ள சொல். வினையாகவும் வளையும்: ‘தண்ணீரில் பொசுபேற்று கூடினால் படுகை சீக்கிரம் பிடிவிடும்.’ கல்லில் ஆசனேற்று பிணைகிற அதே இடங்களுக்குப் பொசுபேற்றும் போட்டியிடுவதால் உண்மையில் நடப்பதும் அதுதான்.

பிடித்த ஆசனிக்கைக் கல் திரும்பக் கக்கிவிடுகிறது என்று இதை யாராவது விளங்கிக்கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. அது வேறு நிகழ்வு. அதற்குப் ‘புறத்துறிஞ்சல் நீக்கம்’ என்று தனிப் பதிவு இருக்கட்டும். பட்டியலில் இப்படிப் போடலாம்:

பிடிவிடுநிலை – படுகையிலிருந்து வெளிவரும் நீரில் மாசின் செறிவு அனுமதித்த எல்லையைத் தொடும் நிலை. படுகை முழுதும் நிரம்புவதற்கு முந்தியது. இதற்கு முன்பே புறத்துறிஞ்சியை மாற்ற வேண்டும்.

வெளிவரும் நீரில் ஆசனிக் நேரத்தோடு ஏறுவதைக் காட்டும் வரைபுக்குப் ‘பிடிவிடு வளையி’ சரிவருமா? ரீச்சர், உயர்தரப் பிள்ளைகளிடம் விளக்கமே சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் கொடுத்து, என்ன விளங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.