மாத நன்கொடையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பேரேடு

சின்ன அறக்கட்டளை ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ஓர் அம்மா மாதம் தவறாமல் கார்டு வழியாக மிகச் சிறிய தொகை அனுப்புவார். ரசீது விஷயமாகப் பேசும்போது, "முழுசாப் போய்ச் சேருதா தம்பி?" என்று கேட்டார். கார்டு பணத்தை வாங்கி எங்கள் கணக்குக்கு அனுப்பும் நிறுவனத்தின், அதாவது கேட்வேயின், ஸ்டேட்மென்ட் என் முன்னால் திறந்தே இருந்தது. சதவீதக் கட்டணம் தொகைக்கு ஏற்றபடி கூடும், குறையும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிடிக்கும் நிலையான கட்டணம் அப்படி இல்லை. நூறுக்கும் அதேதான், ஐயாயிரத்துக்கும் அதேதான். அவர் அனுப்பியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போயிருந்தது. மறைக்காமல் சொன்னேன். "அப்போ நான் கொடுக்கிறது உங்களுக்குத் தொந்தரவா?" என்றார்.

இல்லை அம்மா என்று பல விதமாகச் சொன்னேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை சேர்த்துக் கொடுத்தால் அந்த நிலையான கட்டணம் 12 முறைக்குப் பதில் ஒரே முறை. எல்லா நன்கொடையாளர்களுக்கும் அப்படிக் கடிதம் எழுதலாமா?

வைகறை

எங்களுக்குக் கட்டணத்தைவிடப் பெரிய வலி, போகாமல் நின்றுபோகும் பணம். கார்டு காலாவதி ஆகிவிடும், தொலைந்து புதுசு வந்திருக்கும், அன்றைக்குக் கணக்கில் போதிய பணம் இருக்காது. மென்பொருள் சில தடவை முயன்று பார்த்துவிட்டு, "தங்கள் ஆதரவை நிறுத்திக்கொண்டதற்கு வருந்துகிறோம்" என்று தானாகவே மின்னஞ்சல் அனுப்பிவிடும்.

ஒரு பெரியவர் அதை அச்செடுத்துக்கொண்டு நேரில் வந்து மேசைமேல் வைத்தார். "நான் எப்போ நிறுத்தினேன்?" வங்கி அவருடைய கார்டை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய விரல் அந்த 'நிறுத்திக்கொண்டதற்கு' என்ற சொல்மேலேயே இருந்தது.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புது கார்டு விவரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் சேவை இருக்கிறது. ஆனால் எல்லா வங்கிகளும் அதில் சேரவில்லை. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் போனில் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கான செலவு எந்த ஸ்டேட்மென்ட்டிலும் வராது.

நடைபாதை

பேரேடு, அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். நாங்கள் இருக்கும் அமைப்பில் அனுப்பினார்கள். ஓட்டுநர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "மொத்தமா என்கிட்ட இருக்காது. மன்னிச்சிடுங்க." மாத நன்கொடையையும் அன்றே ரத்து செய்திருந்தார். கொடுத்துக்கொண்டிருந்த மனிதரை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டோம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு மாதம்தான் கணக்கு. அமைப்புக்கும் அப்படியே, சம்பளமும் வாடகையும் மாதாமாதம்தானே போகிறது?

செய்ய வேண்டியது வேறு. முதலில், முடிந்தவரை கார்டிலிருந்து வங்கிக் கணக்கு ஆட்டோ டெபிட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் கட்டணம் குறைவு. கார்டு போலக் கணக்கு எண் காலாவதி ஆகாது. அடுத்து, கேட்வேயிடம் அறக்கட்டளைக்கான சலுகை விகிதம் உண்டா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் கேட்டால்தான் தருகின்றன. பேரம் பேசும்போது சதவீதத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் கட்டணத்துக்கு வரம்பு கட்டியது: தனிநபர் டெபிட் கார்டுக்கு 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3%. அங்கேயும் கேட்வே தன் பங்குக்குப் பிடிக்கும் நிலையான கட்டணத்தை அந்த வரம்பு தொடவில்லை. சிறு தொகைகளைத் தின்பது அதுதான். அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"கட்டணத்தையும் நானே ஏற்கிறேன்" என்று ஒரு பெட்டி வைக்கலாம். ஆனால் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள், அது நம்பிக்கையைக் கெடுக்கும். ஒரேயடியாக வருடத்துக்குத் தாவாமல், விருப்பமுள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

கிளிஞ்சல்

நடைபாதை, ஆட்டோ டெபிட் என்றதும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஐரோப்பாவில் வங்கிக் கணக்கிலிருந்து யூரோவில் பணம் எடுக்கும் செபா முறையில் 8 வாரம் வரை காரணமே சொல்லாமல் பணத்தைத் திரும்பக் கேட்க நன்கொடையாளருக்கு உரிமை உண்டு. அதுவரை அந்தப் பணம் முழுசாக நம்முடையது என்று எழுத முடியாது.

என் கதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பற்றியது. நன்கொடையாளர் தன் வங்கியிலேயே ஏற்பாடு செய்துவிடுவார், நமக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் யார் அனுப்பியது என்று தெரிய வேண்டுமே! எங்கள் கணக்கில் மாதாமாதம் ஒரு வரவு. விவரக் குறிப்பில் இருப்பது "அம்மா நினைவாக" மட்டும். பெயர் இல்லை, எண் இல்லை. வங்கியில் கேட்டோம், வாடிக்கையாளர் விவரம் தர முடியாது என்றார்கள், அதுவும் நியாயம்தான். ரசீது போட முடியவில்லை, நன்றி சொல்ல வழியில்லை. ஒவ்வொரு மாத முடிவிலும் 'அடையாளம் தெரியாத வரவு' என்று அதை எழுதும்போது கை தயங்குகிறது.

இரவுப்பணி

யாரும் சொல்லாத ஒன்று: திருட்டு கார்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க நன்கொடைப் பக்கத்தைத்தான் தேடி வருகிறார்கள். எவ்வளவு சிறிய தொகையும் போடலாம், பொருள் அனுப்ப முகவரி தேவையில்லை. ஓர் இரவு வரிசையாகச் சிறு நன்கொடைகள் வந்து விழுந்தன. தன்னார்வலர் ஒருவர் குழுவில் மகிழ்ச்சியோடு செய்தி போட்டார். பிறகு சார்ஜ்பேக்குகள் வந்தன, அதாவது கார்டின் உண்மையான சொந்தக்காரர்கள் புகார் செய்ய வங்கிகள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன, ஒவ்வொன்றுக்கும் நன்கொடையைவிடப் பெரிய அபராதம். நாங்களே முந்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தவற்றிலும் முதலில் பிடித்த கட்டணம் திரும்ப வரவில்லை.

குறைந்தபட்சத் தொகை வையுங்கள் என்றார்கள். நாங்கள் வைக்கவில்லை, உண்மையாகச் சிறு தொகை கொடுப்பவர்களை அது விரட்டிவிடும். ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) வரும் முயற்சிகளுக்கு வரம்பும், மனிதர்தானா என்று பார்க்கும் சோதனையும் போட்டோம். உங்கள் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.